பனமலை: கடைமடையில் ஒரு குன்று

பனமலை ஏரி இந்த ஆண்டு நிரம்புமா என்பது பனமலையில் பெய்யும் மழையை வைத்து மட்டும் முடிவாவதில்லை. ஏறக்குறைய 38 கிலோமீட்டர் தள்ளி, திருவண்ணாமலை மாவட்டத்துக் கீரனூரில், துரிஞ்சலாற்றின் குறுக்கே உள்ள அணைக்கட்டிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. அங்கே பிரியும் நந்தன் கால்வாய், வழியெல்லாம் ஏரி ஏரியாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்து, கடைசியில் பனமலை ஏரியில் சேர்கிறது. சேர வேண்டும் என்று சொல்வது இன்னும் சரியாக இருக்கும்.

விழுப்புரத்துக்கு வடமேற்கே, செஞ்சிக்குப் போகும் வழியில் அனந்தபுரம் பக்கம் இருக்கிறது பனமலை. மலை என்று ஊர்ப்பெயரில் இருந்தாலும் அது ஒரு பாறைக் குன்றுதான். கொடைக்கானல்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் தொண்டை மண்டலத்தின் தென்பகுதியில் இத்தகைய குன்றுகளைத்தான் மக்கள் மலை என்று சொல்லி வந்திருக்கிறார்கள். அவற்றின் அடிவாரத்தில்தான் ஊரும் ஏரியும் உட்கார்ந்திருக்கின்றன. குன்றின் உச்சியில் பல்லவர் கோயில், அடியில் பரந்த ஏரி, ஏரிக்குக் கீழே நஞ்சை, அதையொட்டி ஊர். ஆறு மட்டும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஏரிக்கும் ஆற்றுக்கும் நடுவே இருக்கும் ஊர் என்று பனமலையைச் சொன்னால், அந்த நடுவில் முப்பத்தெட்டு கிலோமீட்டர் வாய்க்காலும் இரண்டு மாவட்ட நிர்வாகமும் அடங்கும்.

ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து போகிறவருக்கு இந்த நிலத்தின் வேறுபாடு சட்டென்று உறைக்கும். தொழுப்பேடு தாண்டி ஒலக்கூர், திண்டிவனம் வரை நிலம் தட்டையாகவே கிடக்கிறது. மழைத் தண்ணீர் ஓர் ஏரி நிரம்பிக் கோடி போய், அடுத்த ஏரிக்கு இறங்கி, கடைசியில் கடலோரம் நோக்கிப் போய்விடும். அந்தக் கடலோரத்துக் கழுவேலி ஈரநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அங்கே தண்ணீருக்குத் தானாக இறங்கும் வழி தெரியும். மனிதன் கரையைப் போட்டு மறித்தால் போதும். திண்டிவனத்திலிருந்து மேற்கே செஞ்சிச் சாலையில் போகப் போகப் பாறைகள் தலைகாட்ட ஆரம்பிக்கின்றன. பிறகு குன்று குன்றாக உருண்டைக் கற்கள். அந்த நிலத்தில் மழைநீர் பாறையில் விழுந்த வேகத்தில் வழிந்து ஓடிவிடும். மண்ணின் ஆழம் குறைவு, அதற்குக் கீழே கெட்டிப் பாறை. ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று ஏட்டில் இருந்தாலும் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். கொட்டுகிற அந்த நாள்களில் பிடித்து வைக்காவிட்டால் தையில் கிணறு வறண்டுவிடும்.

இந்தக் குன்றுகளில் மனிதர்கள் வெகுகாலமாகவே நடமாடியிருக்கிறார்கள். விழுப்புரம் - திருக்கோவிலூர் சாலையில் கீழ்வாலைப் பாறைகளில் செங்காவி நிறத்தில் வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்கள் இருக்கின்றன. திண்டிவனம் - மரக்காணம் சாலையில் பெருமுக்கல் மலைக் குகையில் கீறல் உருவங்கள். மண்டகப்பட்டில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகக் கல்லில் எழுதி வைத்தான். அங்கிருந்து சற்றுத் தொலைவில் தளவானூரில் அவனுடைய இன்னொரு குடைவரை. மகேந்திரன் பாறையைக் குடைந்தான். அவனுக்கு நூறாண்டு பின்னால் வந்த ராஜசிம்மன் பனமலையில் பாறையின் தலைமேல் கல்லை அடுக்கிக் கட்டினான்.

ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் ஏறத்தாழ 700 முதல் 728 வரை ஆண்டவன். காஞ்சிக் கைலாசநாதர் கோயில், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் இரண்டும் அவன் பெயரைச் சொல்பவை. பனமலைத் தாளகிரீஸ்வரர் கோயில் அவற்றோடு வைத்து எண்ண வேண்டியது. ஆனால் அவற்றுக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை. பஸ் வசதி அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். செந்நிறம் ஓடிய கருங்கல்லில் எழுந்த விமானம், மூலவர் சன்னிதியின் பின்சுவரில் சோமாஸ்கந்தர், பல பட்டைகள் கொண்ட லிங்கம், விமானத்தின் பக்கங்களில் ஒட்டினாற்போலச் சிறுசிறு சன்னிதிகள். சுவரடியில் பல்லவ கிரந்த எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு. அதில் உள்ள ஒரு செய்யுள் காஞ்சிக் கைலாசநாதர் கோயில் கல்வெட்டிலும் அப்படியே வருகிறது. இரண்டு கோயிலும் ஒரே அரசன் கட்டியவை என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. அதே குன்றில் தனியாக ஒரு பாறையில் மகிஷாசுரமர்த்தினியும் இருக்கிறாள்.

பக்கச் சன்னிதி ஒன்றின் உட்சுவரில் ஓர் ஓவியம் மிச்சம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் இறங்கக்கூடாது. மெல்லிய சுண்ணப் பூச்சின்மேல் காவியும் மஞ்சளும் பச்சையும் கொண்டு தீட்டியது. மகுடம் சூடிய பார்வதி, தலைக்குமேல் குடை, ஒரு கால் மடித்துப் பின்னால் ஊன்றி, உடலை லேசாகச் சாய்த்து நிற்கிறாள். பார்வை பக்கவாட்டில் போகிறது. அவள் பார்ப்பது சிவனின் ஆட்டத்தை. ஆடுகிறவன் ஏறக்குறைய அழிந்துவிட்டான். பார்க்கிறவள் மட்டும் 1,300 ஆண்டுகளாக நிற்கிறாள். பல்லவர் கால ஓவியத்தில் நமக்கு மிஞ்சியிருப்பவை சொற்பம். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் சில துண்டுகள், இங்கே இவள். கன்னத்தின் வளைவையும் இமையின் சரிவையும் ஒரே கோட்டில் இழுத்த கை தலைநகரத்துக் கையாகத்தான் இருக்க வேண்டும். இவ்வளவு தூரத்தில் ஒரு குன்றுக்கு அரசன் தன் தேர்ந்த ஆள்களை அனுப்பியிருக்கிறான்.

ஏன் இங்கே என்று கேட்டால் வழக்கமான பதில்கள் உண்டு: வணிக வழி, எல்லைக் காவல், உயரத்தில் கோயில் கட்டும் ஆசை. இவை எல்லாம் இருக்கலாம். ஆனால் பல்லவர் கோயில் எடுத்த இடங்களின் பட்டியலை ஏரிகளின் பட்டியலோடு சேர்த்து வைத்துப் படித்தால் வேறொன்றும் தெரிகிறது. மகேந்திரவாடியில் குடைவரைக்குப் பக்கத்தில் மகேந்திர தடாகம். மாமண்டூர்க் குடைவரைகளுக்கு எதிரே சித்திரமேகத் தடாகம். ராஜசிம்மனின் தந்தை முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த கூரம் செப்பேடு இன்னும் விரிவாகப் பேசுகிறது. காஞ்சிக்கு அருகே கூரத்தில் எடுத்த சிவன் கோயிலுக்கு நிலம் விட்டதையும், மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு செய்ததையும் சொல்லும் அதே செப்பேடு, பரமேசுவர தடாகம் என்ற ஏரி வெட்டியதையும், அதை நிரப்பப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால் வெட்டியதையும் சொல்கிறது. ஆறு, கால், ஏரி, கோயில் என்று நான்கையும் ஒரே தானமாக எழுதி வைத்த ஆவணம் அது.

பனமலைக்கு இப்படி ஒரு செப்பேட்டை என்னால் காட்ட முடியாது. நந்தன் கால்வாயை நந்திவர்ம பல்லவனோடு சேர்த்துப் பேசுவது இந்தப் பக்கத்து வழக்கம். பெயரின் ஒலியை வைத்துக் காலம் கணிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் ஆற்றிலிருந்து கால் பிரித்து, தொலைவில் உள்ள ஏரியை நிரப்புவது பல்லவ நாட்டில் பழகிய தொழில்நுட்பம் என்பதைக் கூரம் உறுதியாகச் சொல்கிறது. பாசனத் துறையினர் ஏரிகளை இரண்டாகப் பிரிப்பார்கள்: தன் சொந்த நீர்ப்பிடிப்பில் விழும் மழையை மட்டும் நம்பும் மானாவாரி ஏரி, ஆற்றுக் கால்வாயிலிருந்து வரத்து உள்ள ஏரி. தமிழ்நாட்டில் உள்ள சுமார் 39,000 ஏரிகளில் முதல் வகையே மிகுதி. இரண்டாம் வகைக்கு மதிப்பு அதிகம், சச்சரவும் அதிகம். ஒலக்கூர்ப் பக்கத்து ஏரிகள் பெரும்பாலும் முதல் வகை. பனமலை இரண்டாம் வகை, அதிலும் கால்வாயின் கடைசி.

கால்வாய் வெட்டுவதில் உண்மையான கஷ்டம் சரிவில் இருக்கிறது. சரிவு கூடினால் தண்ணீர் கரையை அரித்துக்கொண்டு போகும், உயரத்தையும் வழியிலேயே இழந்துவிடும். குறைந்தால் மண் படியும். இலங்கையில் 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துத் திசாவாவிக்கு வெட்டிய ஜயகங்கை சுமார் 87 கிலோமீட்டர் நீளம். அதன் முதல் 27 கிலோமீட்டர் தூரத்துக்குச் சரிவு மைலுக்கு 6 அங்குலம்தான், அதாவது கிலோமீட்டருக்குப் பத்து செண்டிமீட்டருக்கும் குறைவு. பொறியாளர்கள் இன்றும் வியந்து பேசும் கணக்கு இது. வியப்போடு நிறுத்தாமல் இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அவ்வளவு மென்மையான சரிவில் ஓரிடத்தில் ஓர் அடி மண் மேடிட்டுவிட்டால் மூன்று கிலோமீட்டர் தூரத்துச் சரிவு காணாமல் போய்விடும். நந்தன் கால்வாயின் சரிவு இதைவிடக் கூடுதலாகவே இருக்கட்டும். செடி மண்டி, கரை சரிந்து, நடுவில் யாரோ வரப்பை நகர்த்தியிருந்தால், தலைப்பில் ஆறு கரைபுரண்டாலும் கடைசியில் ஈரம் மட்டும்தான் வரும். தூர்வாருவது என்பது அலங்காரப் பராமரிப்பு வேலை என்று நினைப்பவர்கள் இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நந்தன் கால்வாய் 36 ஏரிகளுக்கு வரத்து. ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு. துரிஞ்சலாறு ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. தென்பெண்ணையில் போய்ச் சேரும் துணையாறு. மழை வலுத்தால் சீறிக்கொண்டு வரும், சில நாளில் வடிந்துவிடும். அந்தச் சில நாள்களில் கீரனூரில் ஷட்டர் திறந்து, கால்வாய் முழுக்க நீர் ஏறி, தலைமடை ஏரிகள் குடித்து, நடுமடை ஏரிகள் குடித்து, பிறகு கடைமடைக்கு வர வேண்டும். அதற்குள் ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் பனமலைக்கு அந்த ஆண்டு சொந்த மழைதான் கதி. மேலே உள்ளவர்கள் திருடுகிறார்கள் என்று கீழே உள்ளவர்கள் சொல்வதுண்டு. மேலே உள்ளவர்களைக் கேட்டால் எங்கள் ஏரியே இன்னும் கோடி போகவில்லை என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

ஏரி நிரம்பினால் ஊரில் என்ன மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மதகு திறந்து நஞ்சையில் நெல் விளைவது வெளியே தெரியும் பகுதி. மதகடியில் நிலம் இல்லாத, மேட்டில் கிணறு வைத்து மல்லாட்டையும் கரும்பும் வைக்கிறவருக்கும் ஏரிதான் பிழைப்பு. கெட்டிப் பாறை நிலத்தில் கிணறு தானாக ஊறாது. பக்கத்தில் நீர் நின்று, பாறை வெடிப்புகளில் மெல்ல இறங்க வேண்டும். ஏரி கோடி போன ஆண்டில் மாசியிலும் கிணற்றில் மோட்டார் விடாமல் ஓடும். காய்ந்த ஆண்டில் அரை மணி இறைத்தால் காற்று வாங்கும். ஆகவே ஆயக்கட்டுக் கணக்கில் எழுதிய ஏக்கரைப் போல இன்னொரு பங்கு நிலம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் இந்த ஏரியை நம்பிக்கொண்டிருக்கலாம். கிணற்றை நம்பும் அந்தக் குடும்பங்களுக்கு ஏரியின் நிர்வாகத்தில் சட்டப்படி பேச்சே கிடையாது.

நிர்வாகம் என்றதும் நாம் உத்திரமேரூருக்குப் போய்விடுவோம். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை, தோட்ட வாரியம், ஏரி வாரியம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்த ஏரி வாரியம் ஓர் ஊரின் ஏரியைப் பார்த்துக்கொண்ட குழு. குடிமராமத்தும் அப்படித்தான்: நம் ஊர் ஏரி, நம் ஊர்க் கரை, வீட்டுக்கு ஓர் ஆள். அது தளர்ந்துபோனதால் ஆங்கில அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைப் போட்டுப் பார்த்தது. 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரையே மீட்டு ஒரு திட்டம் தொடங்கியது. எல்லாமே ஏரியை அலகாகக் கொண்டவை. முப்பத்தாறு ஏரிகளின் ஊர்களை ஊடுருவிப் போகும் கால்வாய்க்கு அந்த மரபு அவ்வளவாக உதவாது. தன் ஏரிக்கரையை உயர்த்த வருகிற ஊர், தனக்கு மேலே பத்தாவது ஊரின் எல்லையில் கால்வாயைத் தூர்வார வருமா? வந்தாலும் அந்த ஊர் விடுமா? ஏரியைக் காக்கும் ஊர் அமைப்பில் நாம் கெட்டிக்காரர்கள். ஏரிகளுக்கு நடுவே தண்ணீர் பங்கிடும் அமைப்பை எப்போதும் அரசனிடமோ கலெக்டரிடமோ விட்டுவிட்டோம். நம் பாசன வரலாறுகள் இந்தப் பலவீனத்தைப் போதுமான அளவு பேசுவதில்லை.

கலெக்டரும் இப்போது இருவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவண்ணாமலை தென்னாற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. ரமணர் 1896இல் வந்து சேர்ந்தது தென்னாற்காட்டுத் திருவண்ணாமலைக்கு. பின்னால் அது வடாற்காட்டுக்குப் போய், 1989இல் தனி மாவட்டமானது. தென்னாற்காடு 1993இல் பிரிந்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. எல்லையை மாற்றியவர்களுக்கு நந்தன் கால்வாய் நினைவில் இருந்திருக்காது. அதன் விளைவு, கால்வாயின் தலை ஒரு மாவட்டத்தில், உடலின் பெரும்பகுதியும் வாலும் இன்னொன்றில். கடைமடைக்காரர் மனு கொடுக்கும் குறைதீர் கூட்டத்தில், தலைப்பில் ஷட்டரைத் திறக்க அதிகாரம் உள்ளவர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

துரிஞ்சலாறு போதாது, சாத்தனூர் அணையின் உபரி நீரைக் கொண்டுவந்து நந்தன் கால்வாயில் சேர்க்க வேண்டும் என்பது இந்தப் பகுதி விவசாயிகளின் பல்லாண்டுக் கோரிக்கை. தேர்தல்தோறும் கேட்கும் குரல் அது. தென்பெண்ணையில் 1958இல் பயன்பாட்டுக்கு வந்த சாத்தனூர் அணையின் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செண்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். கணக்குப் போட்டால், அந்த வேகத்தில் அணை முழுக்க இருக்கும் தண்ணீரும் 12 மணி நேரத்தில் ஓடித் தீர்ந்துவிடும். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் ஊர்கள் மூழ்கின. இத்தனை தண்ணீர் கடலுக்குப் போகிறதே, அதில் கொஞ்சத்தைத் திருப்பினால் என்ன என்று கேட்காதவர் அந்த வாரம் யாரும் இல்லை.

கேள்வி நியாயம். விடை அந்த வெள்ளத்தில் இல்லை. ஓர் இணைப்புக் கால்வாய் நொடிக்கு 500 கன அடி எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், அன்று போன வெள்ளத்தில் அது ஆயிரத்தில் மூன்று பங்கு. வெள்ளத் தணிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அதே 500 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 43 மில்லியன் கன அடிக்கு மேல் சேரும். பத்து நாள் ஓடினால் முப்பத்தாறு ஏரிகளுக்கு அது பெரிய வரத்து. எனவே இந்த இணைப்பை அளக்க வேண்டியது உச்ச வெள்ளத்தின் பயங்கரத்தைக் கொண்டு இல்லை. அணை நிரம்பியபின் மிதமாக உபரி போகும் நாள்கள் ஓராண்டில் எத்தனை, அந்த நாள்களில் கால்வாய் எவ்வளவு ஏற்கும், வழியில் எவ்வளவு மண்ணில் இறங்கும், கடைசியில் பனமலை மதகில் எவ்வளவு வந்து சேரும் என்ற கணக்கைக் கொண்டு. மேடையில் எப்போதும் முதல் கணக்குதான் பேசப்படுகிறது, ஏனென்றால் அதற்குப் படம் இருக்கிறது.

எனக்குப் படுவது இதுதான்: இணைப்பு வரட்டும், ஆனால் தலைப்பில் தண்ணீர் கூடியதாலேயே கடைமடைக்கு அது வந்துவிடாது. கூடுதல் தண்ணீர் வந்தால் மேல் ஊர்களில் கூடுதல் நாற்று விழும். பழக்கம் மாறாத வரை கடைசி ஊர் கடைசியாகவே இருக்கும். தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், 2000 என்று ஒன்று இருக்கிறது. ஊர் அளவில் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்குமேல் பகிர்மானக் குழு, அதற்கும் மேல் முழுத் திட்டத்துக்கும் ஒரு குழு என்று மூன்று படி அதில் உண்டு. நந்தன் கால்வாய்க்குத் தேவைப்படுவது அந்த மூன்றாம் படி: கீரனூரிலிருந்து பனமலை வரை மாவட்ட எல்லையைப் பார்க்காத ஒரு குழு. அதன் முறைவைப்பும் முதலில் கடைமடை, பிறகு நடுமடை, கடைசியில் தலைமடை என்று தலைகீழாக இருக்க வேண்டும். தலைமடைக்காரர் ஆற்றில் ஒரு நாள் தண்ணீர் இருந்தாலும் எடுத்துக்கொள்ள முடியும். கடைமடைக்குத் தொடர்ந்து பல நாள் ஓடினால்தான் உண்டு. முறைவைப்பு எழுதும்போது இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பது சலுகை ஆகாது.

இதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை. கீரனூர் தலைப்பில் ஓர் அளவுகோல், மாவட்ட எல்லையில் ஒன்று, பனமலை ஏரிக்குள் கால்வாய் விழும் இடத்தில் ஒன்று. மழைக்காலத்தில் நாள்தோறும் மூன்றின் அளவையும் எழுதி வழியில் உள்ள ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகப் பலகை எல்லாவற்றிலும் ஒட்டினால், எந்த இடத்தில் தண்ணீர் காணாமல் போகிறது என்பது முதல் பருவத்திலேயே தெரிந்துவிடும். யார் எடுத்தார்கள் என்ற சண்டை அப்போதும் வரும். அதை எண்களை வைத்துக்கொண்டு போடலாம்.